லத்தீன் ‘ரேதா’வும் நம் ‘ரத’மும் ஒரே சொல்லா?

மணல்மேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையில் வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருக்கிறோம். பாபிலோன் விழுந்துவிட்டது, இனி நம் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வணிகர்கள் அழுகிற இடம். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம் என்று நீளும் பட்டியலில் 13-ஆம் வசனத்தில் குதிரைகளுக்கு அடுத்து ‘இரதங்கள்’ வருகிறது.

கிரேக்க மூலத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே வழக்கமான ‘ஹர்மா’ இல்லை. எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டே போனது ‘ஹர்மா’வில்தான் (அப்போஸ்தலர் 8). இதே வெளிப்படுத்தின விசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் போருக்கு ஓடும் இரதங்களும் ‘ஹர்மா’தான். 18:13-இல் மட்டும் ‘ரேதே’. புதிய ஏற்பாடு முழுக்க இந்த ஓரிடத்தில்தான் அந்தச் சொல் இருக்கிறது. லத்தீன் ‘ரேதா’தான் கிரேக்கத்துக்குள் அப்படி வந்திருக்கிறது என்கிறார்கள் உரைகாரர்கள்.

ரேதா, ரதம். பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? இல்லையென்றால் இந்த ரேதா யார் வீட்டுச் சொல், எப்படிப்பட்ட வண்டி? லத்தீன் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பொருநைக்காரன்

இதில் சந்தேகமே வேண்டாம். ரிக் வேதத்திலேயே ரதம் ஓடுகிறது. ரோமாபுரி அப்போது ஊராகக்கூட இல்லை. வண்டியும் சொல்லும் கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்கிறது. ர-வும் த-வும் அப்படியே நிற்கும்போது வேறு என்ன சான்று வேண்டும்?

---

பழஞ்சுவடி

மணல்மேடு தம்பிக்கு வணக்கம். குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குப் பிடித்த சொல் இது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. ரேதா நாலு சக்கரப் பயண வண்டி. குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு தூரப் பயணம் போகிறவர்கள் ஏறுவது. கோவேறு கழுதைகளோ குதிரைகளோ இழுக்கும். போருக்கும் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுவடிகளில் ரைதா, ரேதா என்று இரண்டு விதமாகவும் வரும். ‘ர’வுக்குப் பின் ‘ஹ’ ஒலி சேர்த்து எழுதியவர்களும் உண்டு. கிரேக்கச் சாயல் வரட்டும் என்று செய்த வேலை.

இந்த வண்டி எப்படிப்பட்டது என்பதை ஒரு கொலை வழக்கு நன்றாகக் காட்டும். கி.மு. 52 ஜனவரி 18 அன்று, ரோமுக்குத் தெற்கே பொவில்லே அருகில், அப்பியன் சாலையில் மிலோவும் குளோதியுஸும் எதிரெதிரே வந்தார்கள். இருவரும் நெடுநாள் அரசியல் பகையாளிகள். கைகலப்பில் குளோதியுஸ் கொல்லப்பட்டார். மிலோவுக்காக வாதாட வந்த பேச்சாளர் கிக்கரோ (சிசரோ) அந்த வண்டியையே சாட்சியாக்கினார். மிலோ ரேதாவில், மேலங்கி போர்த்திக்கொண்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பணிப்பெண்களும் பிள்ளைகளும் பின்தொடரப் போனான். குளோதியுஸோ குதிரை மேல், வண்டியில்லாமல், சாமான் இல்லாமல், மனைவியும் இல்லாமல் வந்தான். இருவரில் பதுங்கித் தாக்க வந்தவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் வாதம். (வழக்கில் தோற்றார், மிலோ மார்செய்க்கு நாடுகடந்து போனார்.) ரேதா என்றாலே குடும்பச் சவாரி என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் அந்த வாதத்துக்கு உயிர்.

கவிஞர் ஹொராசியுஸும் தென் இத்தாலித் துறைமுகமான புருந்தீசியம் போன பயணத்தில் ‘அங்கிருந்து இருபத்து நான்கு மைல் ரேதாக்களில் விரைந்தோம்’ என்று எழுதியிருக்கிறார்.

அடுத்து, யார் வீட்டுச் சொல் என்ற கேள்வி. கி.பி. முதல் நூற்றாண்டில் குவிந்திலியன் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில் லத்தீனில் புகுந்த அயல் சொற்களைப் பேசும்போது நேராகவே சொல்லிவிடுகிறார்: கோல் நாட்டுச் சொற்கள் பல நிலைத்துவிட்டன, ரேதாவும் பெத்தோரித்தம் என்ற இன்னொரு வண்டிப் பெயரும் அப்படி வந்தவை, ஒன்றைக் கிக்கரோவும் மற்றதை ஹொராசியுஸும் ஆள்கிறார்கள் என்று. கோல் என்பது இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம். அங்கே இருந்தவர்கள் கெல்ட்டிய இனத்தார்.

வேர் ‘ரெய்த்’ என்பது. ஏறிச் செல், சவாரி போ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ரைடு’, ஜெர்மனில் ‘ரைட்டன்’ இதன் கிளைகள். நாம் தினமும் சொல்லும் ‘ரோடு’கூட இதில் முளைத்ததுதான், பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சவாரி என்றுதான் பொருள், பாதை என்ற பொருள் பின்னால் வந்தது. ரேதா ரதத்துக்கு உறவில்லை, ரோட்டுக்கு உறவு.

---

பொருநைக்காரன்

ஐயா, நீங்கள் சொன்ன விவரத்துக்கு நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கோல் மொழியும் சமஸ்கிருதமும் ஒரே பெருங்குடும்பம் என்கிறார்கள். அப்படியானால் கோல் ரேதாவும் வடமொழி ரதமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக் கூடாதா? ‘ரெய்த்’ வேறு, ‘ரத்’ வேறு என்று பிரிப்பது எதை வைத்து?

---

பழஞ்சுவடி

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. தமிழ் எழுத்தில் எழுதுவதால் வருகிற மயக்கம் இதில் பாதி.

‘பத்து’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘பந்து’ என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. பத்துவில் குரல்நாண் அதிர்வதில்லை, பந்துவில் அதிர்கிறது. நமக்கு இடம் பார்த்து ஒலி தானாக மாறிவிடும், தனி எழுத்து தேவைப்படவில்லை. லத்தீனுக்கும் வடமொழிக்கும் அவை தனித்தனி எழுத்துகள். ரேதாவில் இருப்பது பந்துவின் ‘த’. ரதத்தில் இருப்பது வடமொழி வரிசையில் இரண்டாவது எழுத்து, மூச்சு விட்டுச் சொல்கிற வல்லொலி. மலையாளத்தில் ரதம் என்று எழுதிப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்த மொழிகளுக்குள் ஒலிகள் இஷ்டத்துக்கு மாறுவதில்லை. ரதத்தின் அந்த எழுத்துக்கு லத்தீனில் நேர் நிற்பது பத்துவின் ‘த’. அப்படியானால் ரதத்துக்கு லத்தீனில் உடன்பிறப்பு இருக்கிறதா? இருக்கிறது: ‘ரொத்தா’. சக்கரம் என்று பொருள். லித்துவேனிய மொழியில் ‘ராத்தஸ்’, பழைய ஐரிஷில் ‘ரோத்’, ஜெர்மனில் ‘ராட்’. எல்லாவற்றுக்கும் சக்கரம்தான் பொருள். வடமொழியில் சக்கரத்தின் பெயர் வண்டிக்கு ஆகிவிட்டது.

உயிரொலியும் பொருந்தாது. கோல் மொழியில் ‘எய்’ என்ற பழைய இரட்டை உயிர் ‘ஏ’ ஆகும். ரேதாவின் நெடில் அங்கிருந்து வந்தது. ரதத்தின் குறில் ‘அ’வை அதோடு எந்த வழியிலும் சேர்க்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. லத்தீனில் வண்டிக்குப் பொதுப்பெயர் ‘வெஹிக்குலம்’. சுமந்து செல் என்ற ‘வெஹ்’ வேரிலிருந்து வந்தது. வடமொழியில் அதே பொருளில் ‘வஹ்’. அதிலிருந்துதான் வாஹனம், நம் வாகனம். ஜெர்மானிய மொழிகளில் அந்த ‘ஹ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ ஒலி நிற்கும்: வாகன் என்றால் வண்டி. ஆக வாகனமும் வெஹிக்குலமும் உடன்பிறப்பு, ரதமும் ரொத்தாவும் உடன்பிறப்பு. ரேதா மட்டும் இந்த வீட்டுக்கு வேறு வாசல் வழியாக வந்தது.

---

யாழ்நிலா

நான் கார்டிஃபில இருக்கிறன். ஐயா சொன்ன பெத்தோரித்தத்தைப் பார்த்தவுடன ஒரு விசயம் பிடிபட்டது. இஞ்ச வேல்ஸ் மொழியில நாலுக்குப் ‘பெத்வார்’ எண்டு சொல்லுவினம். பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணேக்க அடிக்கடி கேக்கிற சொல். ‘ரோத்’ எண்டதும் இருக்கு, தண்ணி மில்லின்ர சக்கரத்துக்குச் சொல்லுவினம். அப்ப பெத்தோரித்தம் எண்டால் ‘நாலு சக்கரம்’ எண்டுதானே வரும்?

இன்னொண்டும் கேக்க வேணும். ரோமர் ஊருலகத்துக்கே றோட்டுப் போட்ட ஆக்கள். அந்த றோட்டில ஓடுற வண்டிக்குப் பேரை மட்டும் ஏன் தங்களிட்டத் தோத்த சனத்திட்ட வாங்கினவை?

---

கடையாணி

அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்க தாத்தாவும் அப்பாவும் வண்டி ஆசாரிகள். சக்கரம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன். பிறகு தொல்லியல் படித்தபோது கெல்ட்டியர் சக்கரங்களைப் பற்றி வாசித்தேன். அவர்கள் கைவேலை நமக்கு உடனே புரியும்.

மரச் சக்கரத்தில் நடுவில் குடம், குடத்தில் அடித்த ஆரக்கால், ஆரக்காலை வெளியே பிடித்து நிற்கும் வட்டை. வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. சக்கரத்தின் உயிர் பட்டா போடுவதில் இருக்கிறது. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டாவைக் கொஞ்சம் குறைத்து வெட்டி, வளைத்து, பற்றவைப்பார்கள். தரையில் வைத்துச் சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டினால் பட்டா காய்ந்து விரியும். ஆளுக்கொரு குறடாகப் பிடித்துத் தூக்கி வட்டை மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டியதும் மரம் புகைய ஆரம்பிக்கும். ஒரு கணம் தாமதித்தாலும் வட்டை கருகிவிடும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றணும். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால் ஒவ்வொன்றும் குடத்துக்குள் முறுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்கும். அதன்பிறகு ஆணியே தேவையில்லை. சக்கரம் முழுக்க ஒரே கட்டாகிவிடும்.

இந்த வித்தையைக் கெல்ட்டியர் கி.மு. காலத்திலேயே கையில் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களும் பட்டாவை வரிசையாக ஆணி அடித்துத்தான் நிறுத்தினார்கள். பிந்தைய கெல்ட்டியச் சக்கரங்களில் ஆணி காணாமல் போகிறது, சூட்டில் சுருக்கிப் போட்ட பட்டா மட்டும் இருக்கிறது. வட்டையும் துண்டு துண்டாக இல்லாமல், ஒரே மரத்தை ஆவியில் பதப்படுத்தி வளைத்த வட்டைகள் கிடைத்திருக்கின்றன. எங்க பட்டறையில் வட்டையைத் துண்டு துண்டாகச் செதுக்கிக் கோப்போம். ஒற்றை மரத்தை முழு வட்டமாக வளைத்ததை நான் பார்த்ததே இல்லை.

வண்டி அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கல்லறைகளே சாட்சி. பிரான்சில் பர்கண்டிப் பக்கம் விக்ஸ் என்ற ஊரில் 1953-இல் ஒரு பெண்ணின் கல்லறையைத் தோண்டினார்கள், ஏறத்தாழ கி.மு. 500-ஐச் சேர்ந்தது. அந்தப் பெண்ணை நாலு சக்கர வண்டியின் மேல் கிடத்தி, சக்கரங்களைக் கழற்றிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஹோக்டார்ஃபில் கிடைத்த தலைவன் கல்லறையில் வண்டி முழுக்க இரும்புத் தகடு போர்த்தியிருந்தது.

போரில் ஜெயித்தவன் ரோமன்தான். ஆனால் நல்ல வண்டி வேண்டுமென்றால் வட இத்தாலியிலும் அதற்கு அப்பாலும் இருந்த கோல் ஆசாரியிடம்தான் போக வேண்டும். வண்டியை வாங்கினால் பெயரும் கூடவே வரத்தான் செய்யும்.

---

பழஞ்சுவடி

கடையாணி எழுதியதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் ஏட்டில் மட்டும் படித்த விஷயத்தைக் கண்ணால் காட்டிவிட்டீர்கள்.

யாழ்நிலா அம்மா கண்டுபிடித்தது முற்றிலும் சரி. பெத்தோரித்தத்தின் முன்பாதி ‘பெத்தோர்’, நாலு. லத்தீனில் ‘குவத்துவோர்’, வடமொழியில் ‘சத்வார’. நம் சதுரத்துக்குள் இருப்பதும் அதே எண்தான். கோல் மொழியிலும் வேல்ஸ் மொழியிலும் ‘குவ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ப’ வரும். பின்பாதி சக்கரம்.

ஆனால் இதை ரோமானியப் பண்டிதர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் கெல்லியுஸ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். வயதான பிறகு இலக்கணம் படிக்க வந்த ஒருவரிடம் பெத்தோரித்தம் என்றால் என்ன வண்டி, எந்த மொழிச் சொல் என்று கேட்டார்களாம். அவர் வண்டியின் உருவத்தையே தப்பாகச் சொன்னதோடு, அது கிரேக்கச் சொல், ‘பறக்கும் சக்கரம்’ என்று பொருள் என்றாராம். அதற்கு வசதியாகச் சொல்லில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொண்டார். கெல்லியுஸ் அதோடு விடவில்லை; பழைய ரோமானிய அறிஞர் வார்ரோவின் நூலை எடுத்துப் பார்த்து, அது கோல் நாட்டுச் சொல் என்று அவர் எழுதியிருப்பதைக் காட்டி முடிக்கிறார். ஒஸ்கன் என்ற இத்தாலிய மொழியிலிருந்து வந்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள், அங்கேயும் நாலுக்குப் ‘பெத்தோரா’ என்பதால்.

‘கார்பெந்தம்’ என்ற இரு சக்கரக் கூண்டு வண்டிக்கும் இதே கதை. ரோமப் பெருமாட்டிகளுக்கு உரிய வண்டி அது. ஹன்னிபாலோடு போர் நடந்த கி.மு. 215-இல் பெண்கள் நகரத்துக்குள் வண்டியில் போகக் கூடாது என்று சட்டம் போட்டு, கி.மு. 195-இல் அதை நீக்கினார்கள். அந்த வண்டியின் பெயர் ரோமர் புராணத்தில் வரும் எவாந்தரின் தாய், தெய்வமான கார்மெந்தாவிடமிருந்து வந்தது என்று கவி ஒவிதியுஸ் எழுதுகிறார். தெய்வத்தோடு சேர்த்துச் சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. பழைய ஐரிஷ் மொழியில் தேருக்குக் ‘கார்பத்’ என்று பெயர். கோல் ‘கார்பந்தோன்’ அதற்கு உடன்பிறப்பு. தெற்கு பிரான்சில் கார்பந்திராஸ் என்ற ஊரின் பழைய பெயரிலும் இந்த வண்டி இருக்கிறது. கார்பெந்தம் செய்கிற ஆசாரி கார்பெந்தாரியுஸ். நம் ஊரில் மர வேலைக்காரரைக் கார்ப்பெண்டர் என்கிறோமே, அந்தச் சொல் முதலில் கடையாணியின் தாத்தா மாதிரி வண்டி ஆசாரியைத்தான் குறித்தது.

---

பொருநைக்காரன்

ஒலிப் பொருத்தம் பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. ஒவிதியுஸ் சொன்னது சரியில்லை, கெல்லியுஸ் சந்தித்தவர் சொன்னது சரியில்லை என்கிறோம். குவிந்திலியன் சொன்னதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அவரும் கோல் மொழி பேசியவர் இல்லையே.

---

பழஞ்சுவடி

குவிந்திலியன் ஸ்பெயினில் கலகூர்ரிஸ் என்ற ஊரில் பிறந்தவர். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்கவில்லை தம்பி. அவர் வார்த்தையை எடுத்துவிட்டாலும் சொல் கோல் நாட்டதுதான் என்று காட்ட முடியும்.

லத்தீனுக்குள் ரேதாவுக்கு வேர் கிடையாது. அந்த வேரில் ஒரு வினைச்சொல்லும் லத்தீனில் இல்லை. தனியாக வந்து நிற்கிற சொல் அது. அயர்லாந்துக்குப் போங்கள், ரோமானியப் படை ஆளாத தீவு. அங்கே பழைய மொழியில் ‘ரேதித்’ என்றால் சவாரி போகிறான், ‘ரீயத்’ என்றால் சவாரி. வேரும் கிளையும் அங்கே முழு மரமாக நிற்கின்றன.

‘வெரேதுஸ்’ என்று இன்னொரு சொல் உண்டு. அரசாங்க அஞ்சல் குதிரை. இதுவும் கோல் மொழிதான், ‘கீழ்’ என்ற பொருள் தரும் முன்னொட்டும் ‘ரேத்’ வேரும் சேர்ந்தது. அதோடு கிரேக்கத்தின் ‘பரா’வைச் சேர்த்துப் ‘பராவெரேதுஸ்’ என்றார்கள், கிளை வழிகளில் ஓடும் கூடுதல் குதிரை. ஜெர்மன்காரர்கள் இன்று குதிரைக்குச் சொல்லும் ‘ப்ஃபேர்ட்’ அதுவேதான், தேய்ந்து போய்விட்டது.

குவிந்திலியன் இன்னொரு இடத்தில் ‘எபிரேதியம்’ என்ற சொல்லையும் எடுத்துக் காட்டுகிறார். ரேதாவோடு சேர்ந்த ஏதோ பூட்டு வாரைக் குறிப்பது. ‘எபி’ கிரேக்க முன்னொட்டு, ரேதா கோல் சொல்; ஆனால் கிரேக்கனும் இந்தக் கூட்டுச் சொல்லைச் சொல்வதில்லை, கோல்காரனும் சொல்வதில்லை, இரண்டு பிறத்தியார் பொருளிலிருந்து ரோமர்கள் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள் என்கிறார். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் என்பதால் அவர் சாட்சிக்கு மதிப்பு கூடுகிறது.

---

பொருநைக்காரன்

ஐரிஷ் சான்று போதும் ஐயா. நன்றி.

---

யாழ்நிலா

ஐயா, அப்ப ‘கார்’? அதுகும் லத்தீன் எண்டுதான் படிச்சனான்.

---

பழஞ்சுவடி

லத்தீன் வழியாக வந்தது, ஆனால் பிறந்த வீடு கோல்தான் அம்மா. கோல் சொல் ‘கர்ரோஸ்’, லத்தீனில் ‘கர்ருஸ்’. பாரவண்டி. கி.மு. 295-இல் இத்தாலியில் நடந்த செந்தினம் போரில் கோல் வீரர்கள் எஸ்ஸேதம் என்ற போர்த்தேர்கள் மேலும் கர்ருஸ்கள் மேலும் நின்றுகொண்டு மோதினார்கள், அந்தச் சத்தத்திலேயே ரோமக் குதிரைகள் மிரண்டன என்று வரலாற்றாசிரியர் லிவியுஸ் எழுதுகிறார். கி.மு. 58-இல் ஹெல்வேத்தியர் என்ற கெல்ட்டிய இனத்தார் இன்றைய சுவிட்சர்லாந்தை விட்டு மொத்தமாகக் கிளம்புவதற்கு முன் கிடைத்த வண்டிமாடுகளையும் கர்ருஸ்களையும் வாங்கிக் குவித்தார்கள் என்று சீசர் சொல்கிறார். கோல் நாட்டில் பிப்ராக்தே என்ற ஊர் அருகே சீசரிடம் தோற்றபோது அந்த வண்டிகளையே அரணாக நிறுத்தி, இரவு வெகுநேரம் வரை அவற்றின் மேலிருந்தும் சக்கரங்களுக்கு இடையிலிருந்தும் ஈட்டி எறிந்து போராடினார்கள்.

லத்தீனுக்குச் சொந்தமாக ‘குர்ருஸ்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. பந்தயத் தேர், வெற்றி ஊர்வலத் தேர். ஓடு என்று பொருள்படும் ‘குர்ரெரே’யின் பிள்ளை. கோல் கர்ரோஸும் அதே ஓடுகிற வேரிலிருந்து வந்ததுதான். ஒரே பாட்டியின் பேரன்கள் இருவர், ஒருவன் ரோமில் வளர்ந்து தேரானான், மற்றவன் கோல் நாட்டில் வளர்ந்து பாரவண்டியானான். ரோமன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஆண்டான், உறவு தெரியாமலே.

கர்ருஸின் வம்சம் பெரியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கார். சுமை ஏற்று என்ற பொருளில் போய் ‘கார்கோ’வும் ‘சார்ஜ்’உம் ஆனது, நாம் போனுக்குச் சார்ஜ் போடுகிறோமே, அதுவேதான். ‘கர்ரூக்கா’ என்று ஒரு கிளை பிற்காலத்தில் சொகுசு வண்டிக்குப் பெயரானது. நீரோ மன்னன் ஆயிரம் கர்ரூக்காவுக்குக் குறையாமல் பயணம் போனதில்லை, கோவேறு கழுதைகளுக்கு வெள்ளி லாடம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். அதே கர்ரூக்கா பிரான்சில் உழவனிடம் போய் இன்று ‘ஷர்ரூ’, அதாவது கலப்பை.

---

திண்ணைவாசி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ‘கேரவன்’ இந்தக் கார் குடும்பம் இல்லை, பாரசீக ‘கார்வான்’. வேன் என்பது அதன் வால். கோச், ஹங்கேரியில் கோச் என்றே பெயருள்ள கிராமத்திலிருந்து. பஸ்தான் சுத்த லத்தீன்: ‘ஓம்னிபுஸ்’, எல்லாருக்கும் என்று பொருள். அதில் ‘பஸ்’ என்பது நான்காம் வேற்றுமை உருபின் மிச்சம், நம் ‘கு’ மாதிரி.

---

கடையாணி

ஐயா, ரேதாவில் எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்று ஏதாவது பதிவு உண்டா?

---

பழஞ்சுவடி

உண்டு, அதுவும் சட்டமாகவே. கி.பி. 357-இல் அரச அஞ்சல் வண்டிகளுக்குப் போட்ட ஆணை ஒன்று, ரோமப் பேரரசர் தெயோதோசியுஸ் பெயரிலான சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ரேதாவில் 1000 ரோமன் ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது. இரு சக்கர வண்டியில் 200. அஞ்சல் குதிரை மேல் 30. ரேதாவுக்குக் கோடையில் 8 கோவேறு கழுதை, குளிர்காலத்தில் 10. ரோமன் ராத்தல் நம் கணக்கில் ஏறக்குறைய 327 கிராம். ஆக ரேதாவுக்கு 327 கிலோ.

---

கடையாணி

எட்டுக் கழுதைக்கு 327 கிலோ மிகவும் குறைவு. நம் பாரவண்டியில் ஒரு ஜோடி மாடே ஒரு டன் இழுக்கும். வண்டி தாங்காது என்பதால் வைத்த அளவாக இருக்காது. மாடு அடியெடுத்து நடக்கிற நடை வேறு, அஞ்சல் ஓட்டம் வேறு. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை வேகமாக ஓட்டி, மறுநாளும் அதே விலங்கைப் பூட்ட வேண்டும் என்றால் இப்படித்தான் கட்டுப்படுத்த வேண்டும். அரசாங்க வண்டியில் சொந்தச் சாமானை ஏற்றுகிறவர்களையும் இது தடுத்திருக்கும்.

---

மணல்மேடு

எல்லாருக்கும் நன்றி. கேட்டது ஒரு வசனம், கிடைத்தது எவ்வளவோ.

வரும் வாரம் சபையில் சொல்லப் போவது இதுதான்: 18:13-இல் வருவது போர் இரதம் இல்லை. ரோமச் செல்வந்தர் குடும்பத்தோடு ஏறிப் போகும் நாலு சக்கர வண்டி. பட்டியலில் பட்டு, தந்தம், நறுமணப் பொருள் பக்கத்தில் அது இருப்பதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. பாபிலோன் என்று எழுதினாலும் யோவான் ரோமைத்தான் சொல்கிறார் என்ற விளக்கத்துக்கு இந்த ஒரு சொல்லும் துணை நிற்கிறது, ரோமர்கள் வாயில் இருந்த பெயரையே போட்டிருக்கிறார். ‘இரதங்கள்’ என்று வாசித்தால் நம் மனதில் பார்வோனின் சேனைதான் வருகிறது. ‘சாரட்டுகள்’ என்றால் சரியாக இருக்குமா ஐயா?

---

பழஞ்சுவடி

சாரட்டு நன்றாகப் பொருந்தும். நாலு சக்கரம், வசதி, அந்தஸ்து மூன்றும் அதில் இருக்கின்றன. அடிக்குறிப்பில் போட்டால் போதும் தம்பி, வேத வாசகத்தை மாற்ற வேண்டாம்.

லத்தீன் வேதாகமமான வுல்காத்தாவில் இதே வசனத்தை எடுத்துப் பாருங்கள். குதிரைகளுக்கு அடுத்த சொல் ‘ரேதாரும்’, ரேதாக்களின் என்று பொருள். கோல் நாட்டிலிருந்து லத்தீனுக்கு வந்து, லத்தீனிலிருந்து யோவானின் கிரேக்கத்துக்குப் போன சொல், மொழிபெயர்ப்பில் மறுபடி லத்தீனுக்கே வந்திருக்கிறது.